கோலிக்குண்டில் பதிந்த வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கண்ணாடிக் கோலிகள் பல, ஜெர்மனியின் லௌஷா ஊரில் கையால் செய்யப்பட்டவை. கண்ணாடித் தண்டிலிருந்து கத்தரித்த தழும்பு அவற்றின் முனையில் தெரியும்.

1905இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரைச் சேர்ந்த மார்ட்டின் கிறிஸ்டென்சன், கோளம் உருட்டும் இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். உருகிய கண்ணாடியை மட்டும் தொழிலாளர் கையால் சுழற்றி எடுத்தனர். ஆதலால் அக்கோலிகளின் ஒரு முனையில் '9' போன்ற சுழி அமைந்தது. முதல் உலகப்போரில் ஜெர்மானிய இறக்குமதி நின்றபோது அமெரிக்க ஆலைகள் வளர்ந்தன. எனினும் 1917இல் எரிவாயுத் தட்டுப்பாட்டால் அவரது ஆலை மூடப்பட்டது. அக்ரோ அகேட் நிறுவனத்தின் கோலிகளையோ, முனைக்கு முனை ஓடும் திருகுவரி காட்டிக்கொடுக்கும்.

கீறலைப் போக்க மெருகேற்றினால் இத்தடயங்கள் மங்கிவிடும். மெருகேற்றியதை மறைத்து விற்பவர், வாங்குபவரை மட்டுமன்றி வரலாற்றையும் ஏமாற்றுகிறார்.