கிரேக்கக் காப்பியங்களில் வீரமும் தெய்வங்களும்

பண்டைக் கிரேக்கக் காப்பியங்களில் வீரர்களும் தெய்வங்களும் ஒரே களத்தில் இறங்குகிறார்கள். ஹோமர் பாடியவையாகக் கருதப்படும் ‘இலியட்’, ‘ஒடிஸி’ இரண்டும் கி.மு. 8ஆம் நூற்றாண்டையோ அதை ஒட்டிய காலத்தையோ சேர்ந்தவை என்பது பரவலான கருத்து. முன்னதில் ஏறத்தாழ 15,700 அடிகள், பின்னதில் ஏறத்தாழ 12,100. தெய்வங்களை நீக்கிவிட்டால் இரண்டு கதைகளுமே நகராது. வீரனைக் காப்பதும் கைவிடுவதும் ஏமாற்றுவதும் அவர்கள்தான். ஆனாலும் சாகப் பிறந்தவனுக்கே வீரம் உரியது என்பதில் ஹோமர் தெளிவாக இருக்கிறார். அடுத்த 1,200 ஆண்டுகளில் கிரேக்கக் கவிஞர்கள் அந்தத் தெளிவை விட்டு மெல்ல மெல்ல விலகிப் போனார்கள்.

முன்வரலாறு

கி.மு. 1200ஐ ஒட்டி மைசீனிய அரண்மனைகள் அழிந்தன. அவற்றின் களிமண் பலகைகளில் இருந்த எழுத்தை 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் படித்தறிந்தபோது அது கிரேக்க மொழி என்று தெரிந்தது. ஜீயஸ், ஹேரா, பொசைடன் பெயர்களும் அவற்றில் இருந்தன. அரண்மனைகளோடு எழுத்தும் மறைந்தது. கதைகளைப் பாணர்கள் வாய்வழியாகக் காத்தனர். கிழக்கிலிருந்தும் சில வந்து சேர்ந்திருக்க வேண்டும். கில்கமெஷ் கதையில் அவமானப்பட்ட இஷ்தார் தந்தையிடம் போய் முறையிடுவதும், இலியட்டில் அடிபட்ட அப்ரோடைட்டி தாயிடம் போய் அழுவதும் தற்செயலாக ஒத்துப்போனவை என்று நம்புவது கடினம்.

ஹோமரின் காலத்தை ஒட்டியே, பழைய கல்லறைகளில் வீரர்களுக்குப் படையலிடும் வழக்கமும் கிரேக்கத்தில் பரவியது. ஹெசியட் தம் கவிதையில் மனித குலத்தை ஐந்து தலைமுறைகளாகப் பிரித்து, நான்காவதை வீரர்களுக்கு ஒதுக்கினார். தாம் வாழ்ந்த ஐந்தாவது இரும்புத் தலைமுறையைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை.

இலியட்

கிரேக்கர் டிராய் நகரை எதிர்த்து நடத்தும் போரின் கதை இது. முதல் காண்டத்திலேயே தெய்வத்தின் வேலை தெரிந்துவிடுகிறது. கிரேக்க வீரன் அக்கிலீஸ் பரிசாகப் பெற்ற பெண்ணைப் படைத்தலைவன் அகமெம்னான் பறித்துக்கொள்ளப் போகிறான். அக்கிலீஸ் வாளைப் பாதி உருவிவிட்டான். பின்னாலிருந்து அதீனா அவன் தலைமுடியைப் பற்றி இழுக்கிறாள். அவள் அவன் ஒருவன் கண்ணுக்கே தெரிகிறாள். அவள் கட்டளையும் இடவில்லை, கேட்பாயானால் என்றுதான் சொல்கிறாள். வாளை உறைக்குள் திருப்பித் தள்ளுவது அவன் முடிவு.

ஐந்தாம் காண்டத்தில் கிரேக்க வீரன் டயோமிடீஸ் காதல் தெய்வம் அப்ரோடைட்டியின் கையில் ஈட்டியால் குத்துகிறான். வழிவது இரத்தம் அல்ல, ‘இகோர்’ என்ற நீர். தெய்வங்கள் ரொட்டி தின்பதில்லை, மது குடிப்பதில்லை, அதனால் இரத்தமும் இல்லை. அவள் தாயின் மடியில் விழுந்து அழ, ஜீயஸ் சிரித்தபடி, கல்யாண காரியங்களைப் பார்த்துக்கொள் என்கிறார். சற்று நேரத்தில் போர்க் கடவுள் ஏரிஸே குத்துப்பட்டு அலறிக்கொண்டு ஓடி வருகிறான். அவனுக்கும் உடனே குணமாகிவிடுகிறது. இழக்க எதுவுமில்லாதவர்களின் போர் கேலிக்கூத்தாக முடிவதை ஹோமர் வேண்டுமென்றே காட்டுகிறார் என்றே தோன்றுகிறது.

எதிர்ப்பக்கத்தில் சார்ப்பிடோன் நிற்கிறான். லிசியாவின் அரசன், ஜீயஸின் மகன். பன்னிரண்டாம் காண்டத்தில் அவன் நண்பனிடம் சொல்லும் கணக்கு எளிமையானது. ஊரில் நமக்கு நல்ல இறைச்சியும் நிறைந்த கோப்பையும் தருகிறார்கள், அதற்கு ஈடாக முன்வரிசையில் நிற்க வேண்டும். மூப்பும் சாவும் நமக்கு இல்லையென்றால் நான் போரிடவும் மாட்டேன், உன்னைப் போருக்கு அனுப்பவும் மாட்டேன். பதினாறாம் காண்டத்தில் அக்கிலீஸின் தோழன் பட்ரோக்லஸ் கையால் அவன் சாகும் வேளை வருகிறது. காப்பாற்றலாமா என்று ஜீயஸ் தயங்குகிறார். அப்படிச் செய்தால் மற்றத் தெய்வங்களும் தங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றக் கிளம்பிவிடுவார்கள் என்று ஹேரா கண்டிக்கிறாள். ஜீயஸால் செய்ய முடிந்தது, இரத்த மழை பொழிந்து மகனுக்குத் துக்கம் காட்டுவது மட்டும். உறக்கமும் சாவும் உடலைச் சுமந்து லிசியாவுக்குக் கொண்டு செல்கின்றன. அங்கே மண்மேடும் கல்லும் அவனுக்கு மரியாதை.

தெய்வ உதவியால் வென்றவன் வீரனா? இருபத்திரண்டாம் காண்டத்தில் அதீனா, டிராய் வீரன் ஹெக்டரின் தம்பி உருவில் வந்து அவனை நிற்கவைக்கிறாள். அக்கிலீஸ் எறிந்து தவறிய ஈட்டியை ஹெக்டர் அறியாமல் எடுத்துக் கொடுக்கிறாள். நம் காலத்துப் பந்தயமாக இருந்தால் தகுதிநீக்கம்தான். பழங்காலத்தார் அப்படிப் பார்க்கவில்லை. தெய்வம் துணை வருவதே அவன் பெருமைக்குச் சான்று. அடுத்த காண்டத்துத் தேர்ப்பந்தயத்தில் அதீனா யூமெலஸின் நுகத்தடியை முறித்துவிடுகிறாள். அவன் கடைசியாக வந்து சேர்கிறான். தெய்வங்களை வேண்டிக்கொண்டிருந்தால் இப்படி வந்திருக்க மாட்டானே என்கிறான் இளைஞன் ஆண்டிலோக்கஸ், கொஞ்சமும் கிண்டல் இல்லாமல்.

பொறுப்பும் அப்படியே பங்கிடப்படுகிறது. தன் புத்தியைக் கெடுத்தது ஜீயஸும் விதியும் என்று பத்தொன்பதாம் காண்டத்தில் அகமெம்னான் சொல்கிறான். சொல்லிவிட்டு, நஷ்டஈட்டை மட்டும் தானே முழுதாகக் கொடுக்கிறான்.

கடைசிக் காண்டத்தில் ஹெர்மிஸ் துணையோடு ஹெக்டரின் தந்தையான முதிய மன்னன் பிரையம், மகன் உடலைக் கேட்டு இரவில் எதிரிப் பாசறைக்கு வருகிறான். ஹெர்மிஸ் வாசலோடு திரும்பிவிடுகிறான். தன் பிள்ளைகளைக் கொன்ற கைகளைப் பிரையம் முத்தமிட, அக்கிலீஸ் தன் தந்தையை நினைத்து அழுகிறான். அந்தக் கூடாரத்துக்குள் தெய்வத்துக்கு வேலையில்லை.

ஒடிஸி

ஒடிஸியில் ஜீயஸின் குரல் வேறு. தங்கள் மடமையால் கெட்டுவிட்டு மனிதர்கள் எங்களைக் குறை சொல்கிறார்கள் என்று தொடக்கத்திலேயே சலித்துக்கொள்கிறார். எச்சரித்தும் கேளாமல் அகமெம்னானைக் கொன்ற ஈஜிஸ்தஸைச் சான்று காட்டுகிறார். வீரமும் இங்கே வேறு: தாங்குவது, மாறுவேடம் போடுவது, வாய் கூசாமல் பொய் சொல்வது. அந்தப் பொய்களைக் கேட்டு அதீனா மகிழ்ந்துபோகிறாள். தீவுத் தேவதை கலிப்சோ சாகாவரம் தருவதாகச் சொல்லியும் நாயகன் ஒடிசியஸ் மனைவியிடமே திரும்ப விரும்புகிறான். பாதாளத்தில் அக்கிலீஸின் ஆவியோ, இறந்தோருக்கெல்லாம் அரசனாக இருப்பதைவிட ஏழைக் குடியானவனிடம் கூலிக்கு உழைப்பது மேல் என்கிறது. இலியட்டுக்கு இதைவிடக் கடுமையான மறுமொழி வேறு யாரும் எழுதவில்லை.

கண்டனங்கள்

கி.மு. 6ஆம் நூற்றாண்டில் செனோஃபனிஸ், திருட்டையும் கள்ளக் காதலையும் வஞ்சகத்தையும் தெய்வங்களின் தலையில் ஏற்றியதாக ஹோமரையும் ஹெசியடையும் சாடினார். அதே நூற்றாண்டில் தியாஜெனிஸ், தெய்வங்களின் சண்டை இயற்கைப் பூதங்களின் மோதலே என்று உருவகமாக விளக்கினார். தம் இலட்சிய அரசின் காவலர்களுக்குச் சாவுபயம் வந்துவிடும் என்று அக்கிலீஸ் ஆவியின் பேச்சை நீக்கச் சொன்னார் பிளேட்டோ. ஏதென்ஸ் மக்களோ பனத்தினாயா விழாவில் ஹோமரைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பின்னர் அலெக்சாந்திரியா நூலகத்தில் பதிப்பாசிரியர் செனோடோட்டஸ், இலியட்டில் அப்ரோடைட்டி ஹெலனுக்கு நாற்காலி எடுத்துப்போடும் அடிகளை, தெய்வத்துக்குத் தகாத செயல் என்று ஐயத்துக்குரியவையாகக் குறித்தார்.

பிற்காலக் காப்பியங்கள்

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அப்பலோனியஸ் நான்கு காண்டங்களில் பாடிய ‘ஆர்கோநாட்டிகா’வின் நாயகன் ஜேசன் அடிக்கடி செய்வதறியாது திகைக்கிறான். உண்மையான பலசாலி ஹெரக்ளிஸ் முதல் காண்டத்திலேயே கப்பலைத் தவறவிட்டுவிடுகிறான். மூன்றாம் காண்டத்தில் ஹேராவும் அதீனாவும் ஜேசனுக்காக உதவி கேட்டு அப்ரோடைட்டியின் வீட்டுக்கு வருகிறார்கள். மகன் சொன்ன பேச்சு கேட்பதில்லை என்று அவள் அலுத்துக்கொள்கிறாள். மகன் ஈரோஸ் தாயக்கட்டை போன்ற எலும்புக் காய்களை உருட்டி, கூட விளையாடும் பையனைத் தோற்கடித்துக்கொண்டிருக்கிறான். பந்து ஒன்றை லஞ்சமாகக் காட்டி அவனை அனுப்ப, அவன் அம்பு இளவரசி மீடியாவைத் தைக்கிறது. அவள் தரும் மூலிகைத் தைலத்தால்தான் ஜேசன் ஒரு நாள் வெல்ல முடியாதவனாகிறான்.

கி.பி. 5ஆம் நூற்றாண்டில் எகிப்தைச் சேர்ந்த நோன்னஸ் 48 காண்டங்களில் ‘டயோனிசியாகா’வைப் பாடினார். இதன் நாயகன் டயோனிசஸே ஒரு தெய்வம், படையெடுப்பு இந்தியாவின் மீது. சொல்வளத்துக்குக் குறைவில்லை. ஆனால் வெற்றியில் ஐயமே இல்லாத போரில் பதைப்பு எங்கிருந்து வரும்? இதே நோன்னஸ் யோவான் நற்செய்தியையும் அதே யாப்பில் பாடியவர்.

நவீன ஆய்வு

ஹோமரின் அச்சுப் பதிப்பு முதன்முதலாக 1488இல் பிளாரன்ஸ் நகரில் வந்தது. 1930களில் மில்மன் பாரி யூகோஸ்லாவியப் பாடகர்களைப் பதிவுசெய்து, எழுதாமலே நீண்ட காப்பியம் புனைய முடியும் என்று காட்டினார். 1946இல் புரூனோ ஸ்னெல், ஹோமரின் மனிதனுக்குத் தன் முடிவு தன்னுடையது என்ற உணர்வு இல்லை என்று வாதிட்டார். இலியட்டின் முதல் காண்டத்து வாளை வைத்துப் பார்த்தால் இது மிகைக்கூற்று. 1951இல் ஈ. ஆர். டாட்ஸ், ஒரே செயலுக்குத் தெய்வமும் மனிதனும் சேர்ந்தே காரணமாவதை அகமெம்னானின் பேச்சிலிருந்து விளக்கியது இன்னும் செல்லுபடியாகிறது.

இந்த ஆய்வு மரபு தமிழுக்கும் வந்தது. பர்மிங்ஹாமில் கிரேக்க அறிஞர் ஜார்ஜ் தாம்சனிடம் பயின்ற க. கைலாசபதி, சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரயுகக் கவிதையோடு ஒப்பிட்டு எழுதிய ஆங்கில நூலை 1968இல் ஆக்ஸ்போர்டு வெளியிட்டது. பாணர் மரபும் புகழ் நாட்டமும் திரும்பத் திரும்ப வரும் தொடர்களும் அவருடைய ஒப்பீட்டுக்கு இடம் தந்தன. ஆனால் ஒலிம்பஸ் தெய்வங்களைப் போல் இரு அணியாகப் பிரிந்து களமிறங்கும் கடவுளர் புறப்பாடல்களில் இல்லை. அங்கே வெற்றியும் தோல்வியும் மன்னர் கணக்கிலேயே சேர்கின்றன.