சும்மா ஓட்ட ஒரு சைக்கிள்

மல்லாட்டை பிடுங்கி, ஆய்ஞ்சு, காயப்போட்டு முடிச்சாச்சு. கை கொஞ்சம் ஓய்ஞ்சிருக்கு. காலையில ஏரிக்கரை மேல ஒரு சுத்து சைக்கிள் மிதிக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. அதிகம் செலவு பண்ணவும் மனசு வரல. போன வாரம் திண்டிவனத்துல ஒரு கடைக்குப் போனேன்.

"பேரனுக்காங்க ஐயா?"ன்னு கடைத் தம்பி கேட்டார்.

"இல்லப்பா, எனக்குத்தான்."

"எதுக்கு ஓட்டப் போறீங்க?"

"சும்மாதான்."

சொல்லிட்டு எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. சும்மா ஓட்டறதுக்காக ஒருத்தர் சைக்கிள் வாங்கி எங்க ஊர்ல நான் பார்த்ததே இல்லை. பஸ்ஸுல திரும்பி வரும்போது அந்த 'சும்மா'வையே நினைச்சுக்கிட்டு வந்தேன். அதோட கதையைத்தான் இன்னைக்கு எழுதறேன்.

1817-ல் ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் செய்த வண்டிக்குப் பெடலே கிடையாது. தரையைக் காலால உந்தித்தான் ஓட்டணும். நாம இன்னைக்கு ஓட்டுற மாதிரி, ரெண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவா, செயின் வச்ச வண்டி இங்கிலாந்தில் 1885-ல் வந்தது. ஸ்டார்லி என்பவர் செய்த 'ரோவர்' அது. மூணு வருஷம் கழிச்சு, 1888-ல், டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் கால்நடை மருத்துவர். தன் பையன் ஓட்டி விளையாடற மூணு சக்கர வண்டி குலுங்காம போகணும்னுதான் அந்த டயரைச் செஞ்சார். டன்லப்போட காத்து டயர் ஒரு குழந்தை சும்மா ஓட்டறதுக்காகப் பிறந்ததுதான்.

நம்ம பக்கம் அது அப்படி வரல. வெள்ளைக்காரன் காலத்துல ராலே, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. எல்லாம் கப்பல்ல வந்தது. பி.எஸ்.ஏ. என்பது பர்மிங்காமில் துப்பாக்கி செய்த கம்பெனி. அதனாலதான் அதோட சின்னத்துல மூணு துப்பாக்கி இருக்கும். சுதந்திரத்துக்கு அப்புறம் இங்கேயே செய்ய ஆரம்பிச்சாங்க. 1949-ல் முருகப்பா குழுமம் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் சென்னைப் பக்கம் அம்பத்தூரில் தொழிற்சாலை போட்டது. 1951-ல் சோனிபட்டில் அட்லஸ், 1956-ல் லூதியானாவில் ஹீரோ. பேர் வேற வேறயா இருந்தாலும் ஊருக்கு வந்த வண்டி ஒண்ணுதான்: கறுப்பு நிறம், 28 இஞ்ச் சக்கரம், கம்பி பிரேக், தடிச்ச பார், பின்னாடி பெரிய கேரியர். 20 கிலோவுக்குப் பக்கமா எடை. அது மனுஷன் உலாவறதுக்குச் செஞ்சதில்லை, மூட்டை ஏத்தறதுக்கு.

எங்க அப்பா வாங்கினதும் அதைத்தான். மல்லாட்டை நல்லா வெளஞ்ச ஒரு வருஷம் வாங்கினார். விதை மல்லாட்டைக்குத் திண்டிவனம் போவார். அங்க எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கு. டி.எம்.வி. ரகம்னு நாம சொல்றதுல டி-யும் எம்-மும் வி-யும் திண்டிவனத்தைத்தான் குறிக்குது. கமிட்டிக்கு மூட்டை கொண்டு போறது, பால் ஊத்தறது, புல்லுக்கட்டு, பிரசவ வலியில இருக்கறவங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போறது, எல்லாம் அதுலதான். நான் ஆசைக்கு எடுத்து ஒரு சுத்து போனா, "டயர் தேயுது"ன்னு சத்தம் வரும்.

அந்தக் காலத்துல சைக்கிளுக்கு வரி கட்டி வில்லை வாங்கி மாட்டணும். ராத்திரி விளக்கில்லாம போனாலும், டபுள்ஸ் போனாலும் போலீஸ் பிடிக்கும். சும்மா ஓட்டறதுன்னா பசங்களுக்கு வாடகைக் கடை மட்டும்தான். மணிக்கு 25 பைசா. கால் எட்டாததால பாருக்கு அடியில காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுத்தான் நாங்க எல்லாம் பழகினோம்.

எல்லாருக்கும் அந்தச் 'சும்மா'வும் கிடைக்கல. இதை எழுதாம விட்டா கதை பொய்யாயிடும். எங்க நிலத்துல ஏர் ஓட்ட வந்த காலனிப் பெரியவர் ஒருத்தர் பழைய சைக்கிள் ஒண்ணு வச்சிருந்தார். எங்க தெரு முனை வந்ததும் இறங்கிடுவார். தெரு முடியற வரைக்கும் தள்ளிக்கிட்டே போய், அந்தப் பக்கம் ஏறுவார். வயசானவர், மரியாதைக்கு இறங்கறார்னு சின்ன வயசுல நினைச்சேன். ஏறி ஓட்டினா அடி விழும்னு பிறகுதான் புரிஞ்சது. சொந்தக் காசுல வாங்கின வண்டி. நானும் தெருத் திண்ணையில உட்கார்ந்து அதைப் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

பொம்பளைங்க கதையும் அப்படித்தான். 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தப்ப, ஆட்சியரா இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோட சைக்கிளையும் சேர்த்துப் பழக வச்சாங்க. விவசாயக் கூலிகள், கல்குவாரியில வேலை செய்யறவங்கன்னு ஆயிரக்கணக்கான பொம்பளைங்க ஓட்டக் கத்துக்கிட்டாங்க. லேடீஸ் சைக்கிள் போதாம, பார் வச்ச ஆம்பளை வண்டியையே எடுத்து ஓட்டினாங்க. பார் மேல புள்ளையை உட்கார வச்சுக்கலாம்னு அதையே விரும்பினவங்களும் உண்டு.

அப்புறம் 2001-02-ல் அ.தி.மு.க. ஆட்சியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ படிச்ச ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு அரசு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பிச்சது. பின்னாடி அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைங்க எல்லாருக்கும் விரிவாச்சு. எந்தத் தெருவுல பெரியவர் இறங்கித் தள்ளினாரோ அதே தெருவுல காலனிப் புள்ளைங்க நாலஞ்சு பேர் பெல் அடிச்சுக்கிட்டு வரிசையா போனதை நான் பார்த்தேன். ஒருத்தி கையை விட்டு ஓட்டிக் காமிச்சா. ஸ்கூல் லீவு நாள் அது. சும்மாதான் போனாங்க.

சரி, சைக்கிள் வாங்கற விஷயத்துக்கு வர்றேன். நான் விசாரிச்ச வரைக்கும், கியர் வச்சு முன்னாடி ஸ்பிரிங் போட்ட வண்டிதான் பளபளன்னு இருக்கு, விலையும் கூட. விலை குறைஞ்ச வண்டியில அந்த ஸ்பிரிங் வெறும் பாரம்தான், நம்ம மிதியில கொஞ்சத்தை அதுவே தின்னுடும். கியர் அடிக்கடி செட்டிங் போகும், ஊர்ல பஞ்சர் ஒட்டறவருக்கு அது கை வராது. நம்ம பூமி ஏரியும் வயலுமா சமதரை. செஞ்சி மலைப் பக்கம் ஏறப் போனாத்தான் கியர் வேணும்.

கடையில பார்க்க வேண்டியது இவ்வளவுதான். சக்கரத்தைத் தூக்கிச் சுத்தி விடுங்க, கோட்டம் இருந்தா தெரியும். பெடல் கட்டையைப் பக்கவாட்டுல ஆட்டுங்க, ஆட்டம் இருக்கக் கூடாது. பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டுத் தள்ளுங்க, நகரக் கூடாது. சீட்டுல உட்கார்ந்து, கீழே இருக்கற பெடல்ல குதிகாலை வச்சா முட்டி நீளணும். முட்டி மடங்கியே இருந்தா சீட்டு தாழ்வு, வலிதான் மிஞ்சும். டயர் சைஸ் நம்ம ஊர் கடையில கிடைக்கற சைஸா இருக்கணும்.

இதையெல்லாம் பஞ்சர் கடைத் தம்பிகிட்டச் சொன்னேன். "ஏன்யா, உங்க மாட்டுக்கொட்டாயில பாப்பாவோட ஸ்கூல் சைக்கிள் கிடக்குதே"ன்னார். பொண்ணு பிளஸ் ஒன் படிக்கும்போது வந்த வண்டி. வைக்கோலுக்கு அடியில இருந்து இழுத்தோம். டயர், டியூப், செயின், பிரேக் கட்டை, பால்ரஸ் மாத்தி, கிரீஸ் வச்சு, கோட்டம் எடுத்து, எல்லாம் சேர்த்து 2,100 ரூபாய் ஆச்சு. புதுசு வாங்கியிருந்தா இதைவிட அதிகம் ஆகியிருக்கும். சட்டம் துரு ஓடி ஓட்டை விழாம இருந்தா பழசே போதும்.

லேடீஸ் வண்டிதான். பார் இல்லாததால காலைத் தூக்கிப் போட வேண்டாம், வேட்டி மாட்டாது, முட்டிக்கும் நல்லது. டீக்கடையில சிரிச்சாங்க. புதுக்கோட்டைப் பொம்பளைங்க பார் வண்டி ஓட்டினப்ப இதைவிட அதிகமா சிரிச்சிருப்பாங்க.

நாலுவழிச் சாலைப் பக்கம் மட்டும் போகாதீங்க, சைக்கிள்காரனை அங்க யாருக்கும் கண்ணு தெரியாது. நான் காலனி வழியா ஏரிக்கரைக்குப் போறேன். இன்னைக்குக் காலையில அந்தப் பெரியவரோட வீட்டைத் தாண்டிப் போனேன். அவர் இப்ப இல்லை. வாசல்ல சைக்கிள் துடைச்சுக்கிட்டு இருந்த பையன், "எங்க தாத்தா?"ன்னு கேட்டான்.

"சும்மாதான்பா"ன்னேன்.