யார் அடிச்சது?

1929 டிசம்பரில் காந்தியின் 'யங் இந்தியா'வில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் கத்தியவாரில் பள்ளி ஆசிரியராக இருந்த ஒரு தலித். பிள்ளை பெற்ற மனைவிக்கு உடம்பு சரியில்லை. டாக்டர் சேரிக்குள் வர மாட்டேன் என்றார். ஊர்ப் பெரியவர்கள் கெஞ்சி, இரண்டு ரூபாய்க்குப் பொறுப்பேற்ற பிறகு, பச்சை உடம்புக்காரியைச் சேரிக்கு வெளியே தூக்கிவரச் சொல்லிப் பார்த்தார். தெர்மாமீட்டரை அவர் ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார், அந்த முஸ்லிம் கணவரிடம், கணவர் மனைவியிடம். திரும்பி வந்ததும் அதே வழிதான். அந்த அம்மா செத்துப்போனாள். அம்பேத்கர் தன் வாழ்க்கைக் குறிப்புகளில் இதைச் சேர்த்து வைத்தார்.

ஓ.பி.யில் வரும் பெண்ணிடம் 'வீட்ல யாராவது அடிக்கிறாங்களா' என்று கேட்கும் வழக்கத்தின் வரலாற்றை, 1992இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் வெளியிட்ட வழிகாட்டியிலிருந்து எழுதலாம். நமக்கு அது கத்தியவாரில் தொடங்குகிறது. தொட்டே பார்க்காதவருக்கு முதுகுத் தழும்பு எப்படித் தெரியும்?

1983இல் 498-அ வந்தது. அது போலீஸ் நிலையத்துக்குப் போகிறவளுக்கான சட்டம். பெரும்பாலான பெண்கள் அங்கே போவதில்லை, ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறார்கள். ஏ.ஆர். போட்டா போலீஸ் வரும், புருஷன் பக்கத்திலேயே நிற்கிறான். 'வழுக்கி விழுந்துட்டேன் சார்.' டாக்டரும் சீட்டில் அதையே எழுதி வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறார்.

இந்த வழக்கத்தை உடைத்தது மும்பை. 2000-01 வாக்கில் மாநகராட்சியும் சேஹத் நிறுவனமும் சேர்ந்து, பாந்த்ரா பாபா மருத்துவமனையில் 'திலாசா' மையத்தைத் தொடங்கின. ஆறுதல், தைரியம் என்று பொருள். வெளியிலிருந்து நிபுணர்களை இறக்காமல், அங்கே வேலை பார்த்த ஊழியர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். ஆறாத தலைவலி, விஷம் குடித்த 'விபத்து', இவற்றைக் கண்டால் தனியே கூப்பிட்டுக் கேட்டார்கள். 2005 குடும்ப வன்முறைச் சட்டம் வந்தபோது, புகார் இல்லை என்று சொல்லி மருத்துவமனை சிகிச்சையை மறுக்கக் கூடாது என்பது எழுத்திலும் வந்தது.

2013இல் உலக சுகாதார நிறுவனம் வேறொன்று சொன்னது. வருகிற எல்லாப் பெண்களிடமும் சடங்குபோல் கேட்காதே. அறிகுறி தெரிந்தால், தனி இடத்தில், பயிற்சி பெற்றவர் கேட்கட்டும். இது சரியென்றுதான் படுகிறது. கேட்டுவிட்டு, அவளை அதே வீட்டுக்கு வெறுங்கையோடு அனுப்புவதும் ஒரு கொடுமைதான். ஆனால் கேட்காமலே இருக்க இதைச் சாக்காக்கவும் முடியும். 2019-21 கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

நம்ம பெண்ணுக்கு இன்னொரு பயமும் உண்டு. வாயைத் திறந்தால், 'உங்க ஆளுங்க குடிச்சா அடிக்கத்தானே செய்வாங்க' என்று எதிரே இருப்பவர் சாதியைத் தீர்ப்பாக்கிவிடுவார். வெளியே சொன்னால் சமூகத்துக்குக் கெட்ட பேர் என்று நம் கூட்டங்களிலேயே வாயடைக்கிற தோழர்களும் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் அடைபட்டவளுக்குக் கடைசியாக மிஞ்சுவது ஓ.பி. வரிசை. அங்கே கேட்கிற நர்ஸம்மா யார், எந்தக் குரலில் கேட்கிறார், கதவு இருக்கிறதா, புருஷனை வெளியே நிற்கச் சொல்ல அவருக்குத் துணிச்சல் இருக்கிறதா, இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் அவள் வாய் திறப்பாள்.