பிள்ளை பத்தாம் வகுப்பில், கையில் ஃபேமிலி விசா: புறப்படும் முன் பார்க்க வேண்டியவை

உடையார்பாளையம், ஜெயங்கொண்டம் பக்கமிருந்தும், பெரம்பலூர் மாவட்டத்தின் லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களிலிருந்தும் வளைகுடாவுக்குப் பிழைக்கப் போவது புதிதல்ல. பெரும்பாலோர் தனியாகத்தான் போகிறார்கள். குடும்பத்தை அழைத்துக்கொள்ளும் அளவுக்குப் பதவியும் சம்பளமும் உயர்வதற்குள் பத்துப் பதினைந்து வருடம் ஓடிவிடுகிறது. கைக்குழந்தையாக விட்டுப்போன பிள்ளை அதற்குள் பத்தாம் வகுப்பிலோ பதினொன்றிலோ இருக்கும். விசா வந்த சந்தோஷத்தில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: இப்போது அழைத்துப் போனால் பிள்ளையின் படிப்பு என்ன ஆகும்?

பல வீடுகளில் பயணத் தேதியை முடிவு செய்வது விசாவும் டிக்கெட் விலையும்தான். பிள்ளை எட்டாவதுக்குள் இருந்தால் அப்படி முடிவு செய்வதால் பெரிய நஷ்டம் வராது. ஒன்பதுக்கு மேல் போய்விட்டால் வகுப்பைப் பார்த்துத்தான் தேதியைக் குறிக்க வேண்டும்.

வளைகுடாவில் நம்மவர்கள் பிள்ளைகளைச் சேர்ப்பது பெரும்பாலும் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் நடக்கும் இந்தியப் பள்ளிகளில். அந்த வாரியம் 9, 10 இரண்டையும் ஒரே இரண்டாண்டுப் படிப்பாகவும், 11, 12 இரண்டையும் அதேபோல் இன்னொரு படிப்பாகவும் வைத்திருக்கிறது. மாணவரின் பெயர் ஒன்பதிலும் பதினொன்றிலும் வாரியத்தில் பதிவாகும். எனவே உள்ளே நுழைய வசதியான வாசல்கள் இரண்டு: ஒன்பதாம் வகுப்பின் தொடக்கம், பதினொன்றாம் வகுப்பின் தொடக்கம். பத்திலும் பன்னிரண்டிலும் நேரடிச் சேர்க்கை பொதுவாகக் கிடையாது. பெற்றோரின் இடமாற்றம் போன்ற காரணம் இருந்தால் சான்றுகளைக் கொடுத்து வாரியத்தின் அனுமதி பெற வேண்டும். அதிலும் ஏற்கெனவே சி.பி.எஸ்.இ. பள்ளியில் ஒன்பதோ பதினொன்றோ முடித்த பிள்ளைக்கு வழி எளிது. நம் மாநில வாரியத்தில் பதினொன்று முடித்துவிட்டு அங்கே பன்னிரண்டில் சேர நினைப்பவருக்கு வழி மிகக் குறுகல். பள்ளி முதல்வர் தெரிந்தவர், பேசிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது முதல்வர் கையில் இல்லை.

அடுத்தது காலண்டர். நம் ஊரில் பள்ளி ஜூனில் திறக்கிறது. வளைகுடாவின் இந்தியப் பள்ளிகள் ஏப்ரலிலேயே புது வகுப்பைத் தொடங்கி, ஜூலை, ஆகஸ்டில் கோடை விடுமுறை விடுகின்றன. பத்தாம் வகுப்புத் தேர்வை ஏப்ரலில் முடித்து, மே மாதம் ரிசல்ட் பார்த்து, ஜூனில் விமானம் ஏறும் பிள்ளை அங்கே இரண்டு மாதப் பாடத்தைத் தவறவிட்டிருக்கும். வருகைப் பதிவில் 75 சதவீதம் கட்டாயம் என்பதால் அந்த நாட்களும் கணக்கில் வரும். மதிப்பெண் பட்டியல் வருவதற்கு முன்பே தற்காலிகச் சேர்க்கை தரும் பள்ளிகள் உண்டு. ஜனவரி, பிப்ரவரியிலேயே அத்தா நேரில் போய்க் கேட்டு வைக்க வேண்டும். இந்திய சமூகம் பெருகிய நகரங்களில் பதினொன்றாம் வகுப்பு அறிவியல் பிரிவில் இடம் கிடைப்பது எளிதல்ல.

முக்கியமான ஒன்று: அங்கே இடம் எழுத்தில் உறுதியாகும் வரை இங்கே டி.சி. வாங்காதீர்கள். வாங்கிய பிறகு விசா தள்ளிப்போனால் பிள்ளை இரண்டு பக்கமும் இல்லாமல் நிற்கும்.

கண்ணுக்குத் தெரியாமல் போகும் உரிமைகள்

பலருக்கும் தெரியாத பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் சட்டமானது. 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் அது விரிவாயிற்று. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது இதன் அடிப்படை நிபந்தனை. ஆறிலிருந்து பத்து வரை உள்ளூர் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையைப் பதினொன்றுக்கு ரியாத்துக்கு அழைத்துப் போனால், ஐந்து வருடம் சேர்த்து வைத்த தகுதி கடைசி இரண்டு வருடத்தில் போய்விடும். 2022 ஜனவரியில் அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. நீட் எழுதும் ஓர் அரசுப் பள்ளி மாணவிக்கு அந்த 7.5 என்பது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதைக் கட்-ஆஃப் பார்த்தவர்கள் அறிவார்கள். பொதுப்பிரிவில் எட்டாத மதிப்பெண் இந்த ஒதுக்கீட்டில் எட்டிவிடும்.

மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களும் ஆறு முதல் பன்னிரண்டு வரையிலான படிப்பைத்தான் பார்க்கின்றன. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை தரும் 2010ஆம் ஆண்டுச் சட்டம் 2020இல் திருத்தப்பட்டு, பள்ளிப் படிப்பு முழுவதையும் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும் என்றாயிற்று. இரண்டு வருடம் வெளியே படித்தால் அந்த உரிமையும் இல்லை. அரசு வேலையில் எண்ணமில்லாத குடும்பத்துக்கு இது பொருட்டல்ல. ஆனால் அந்த எண்ணம் பிள்ளைக்கு இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவு செய்யலாமே.

போகாத உரிமையும் உண்டு. முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத ஒதுக்கீடு வெளிநாட்டில் படித்ததால் ரத்தாவதில்லை. தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்பதற்கான இருப்பிடச் சான்றும் சாதிச் சான்றும் கையில் இருந்தால் போதும். இங்கேயே படித்தவர்களிடம் இருப்பிடச் சான்றைக் கேட்பதில்லை. வெளியே படித்துத் திரும்புபவர்களிடம் கட்டாயம் கேட்பார்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வட்டாட்சியரிடமிருந்து பெறும் இந்தச் சான்றுகளைப் புறப்படும் முன்பே வாங்கி வைப்பது நல்லது. கலந்தாய்வு தொடங்கியபின் துபாயிலிருந்து மச்சானுக்குப் போன் போட்டு, அவர் தாலுகா ஆபீசுக்கு அலையும் கதைகள் வருடந்தோறும் நடக்கின்றன.

போனால் திறக்கும் கதவும் இருக்கிறது. வளைகுடாவில் வேலை செய்யும் இந்தியர்களின் பிள்ளைகளுக்கென்று என்.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்களில் 'டாசா' திட்டத்தின் கீழ் தனிப் பிரிவும் கட்டணச் சலுகையும் உள்ளன. அண்ணா பல்கலைக்கழகத்திலும் அப்படியொரு பிரிவு உண்டு. டாசாவுக்குக் குறிப்பிட்ட காலம் வெளிநாட்டில் படித்து, பன்னிரண்டாம் வகுப்பையும் அங்கேயே தேறியிருக்க வேண்டும். பதினொன்றின் தொடக்கத்திலேயே போய் இரண்டு வருடமும் முழுதாகப் படித்த பிள்ளைக்கு இது பயன்படும். பாதியில் போன பிள்ளைக்கு அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. நீட் தேர்வை அங்கிருந்தே எழுதலாம். 2021இல் குவைத்திலும் துபாயிலும் முதன்முதலாக மையங்கள் வைத்தார்கள், மறு ஆண்டு வெளிநாட்டு நகரங்கள் 14 ஆயின.

பெயரில் ஓர் எழுத்து

நம் பிள்ளைகளின் சான்றிதழில் இனிஷியல்தான் இருக்கும். பாஸ்போர்ட்டில் அத்தாவின் பெயர் முழுதாக விரிந்திருக்கும். போதாக்குறைக்கு முஹம்மது என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுத நம்மிடம் அரை டஜன் வழிகள் உள்ளன. பிறப்புச் சான்றில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பள்ளியில் ஒன்று. ஒன்பதிலோ பதினொன்றிலோ வாரியத்தில் எந்த எழுத்தில் பதிகிறதோ அதுதான் சான்றிதழில் வரும், பின்னால் மாற்றுவது பெரிய அலைச்சல். பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்பும் முன் பள்ளியில் போய்ப் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுச் சரிசெய்துவிட வேண்டும்.

டி.சி.யில் கல்வி அலுவலரின் மேலொப்பம், பிறகு மாநில அரசின் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகம் என்று படிப்படியாக முத்திரை வாங்க வேண்டியிருக்கும். சவூதி, ஓமன், பஹ்ரைன் நாடுகள் அப்போஸ்டில் முறையில் இருப்பதால் அமைச்சக முத்திரையோடு வேலை முடியும். சவூதி இதில் சேர்ந்தது 2022 டிசம்பரில்தான், பழைய ஏஜெண்டுகள் சிலர் இன்னும் தூதரக முத்திரைக்கும் சேர்த்துக் காசு கேட்கலாம். அமீரகம், குவைத், கத்தாருக்குத் தூதரகச் சான்றொப்பம் வேண்டும்.

செலவும் வயதும்

சவூதியில் 2017 ஜூலை முதல் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதக் கட்டணம் விதித்தார்கள். 100 ரியாலில் தொடங்கி ஆண்டுக்கு 100 ஏறி, 2020இல் 400 ஆனது. மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் மாதம் 1200, வருடத்துக்கு 14,400 ரியால். பள்ளிக் கட்டணமும் வாடகையும் இதற்கு மேல். அந்தக் கட்டணம் வந்தபோது ஏராளமான குடும்பங்கள் ஊருக்குத் திரும்பின. பதினொன்றில் சேர்த்துவிட்டுப் பன்னிரண்டில் கட்ட முடியாமல் அனுப்பும்படி ஆனால் எந்த வாசலும் திறந்திருக்காது. இரண்டு வருடச் செலவுக்கு வழி தெரிந்தபின் முதல் வருடத்தைத் தொடங்குங்கள்.

அமீரகத்தில் மகனை 18 வயது வரைதான் பெற்றோர் பொறுப்பில் வைக்கலாம் என்றிருந்தது 2022இல் 25 ஆக உயர்ந்தது. மணமாகாத மகளுக்கு வயது வரம்பு இல்லை. சிங்கப்பூர் போவோருக்கு ஒரு வார்த்தை: அங்கே வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கான அரசுப் பள்ளி நுழைவுத் தேர்வு உயர்நிலை மூன்று வரைதான். அதைத் தாண்டிய பிள்ளைக்கு அந்த வழி இல்லை.

வீட்டுக்குள் நடப்பது

சட்டமும் சான்றும் ஒருபுறம் இருக்கட்டும். பதினைந்து வருடம் போனில் மட்டும் பேசிய அத்தாவும், பதினாறு வயதுப் பிள்ளையும் ஒரே படுக்கையறை உள்ள ஃபிளாட்டில் சேர்ந்து வாழத் தொடங்குகிறார்கள். விடுமுறையில் சாக்லேட்டோடு வந்த அத்தா வேறு, தினமும் வேலை முடிந்து களைத்து வந்து மார்க் கேட்கும் அத்தா வேறு. பிள்ளைக்கும் அப்படித்தான். தெருவில் சைக்கிள், பள்ளிவாசல் வாசலில் நண்பர்கள், நன்னி வீடு என்று இருந்தவன் பள்ளிப் பேருந்தைத் தவிர வெளியே இறங்காமல் இருக்கிறான். தமிழ்வழியில் முதல் மதிப்பெண் வாங்கியவன் ஆங்கிலத்தில் இயற்பியல் புரியாமல் கடைசி பெஞ்சில் உட்கார்கிறான். முட்டாளாகிவிட்டேனோ என்று அவன் நினைப்பதை வெளியே சொல்லமாட்டான். முதல் பருவத் தேர்வில் மதிப்பெண் சரிவது இயல்பு. அப்போது 'இதற்கா இவ்வளவு செலவு செய்தேன்' என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

அமீரகத்தில் முஸ்லிம் மாணவர்களுக்கு இஸ்லாமியக் கல்வி பன்னிரண்டு வரை கட்டாயப் பாடம். நம் பிள்ளைகளுக்கு முதல் நாளிலேயே தெரிந்த பாடமாக இருப்பது இது ஒன்றுதான் என்று ஓர் ஆசிரியர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

படிப்புக்காகக் குடும்பம் இடம் மாறுவது இந்த வட்டாரத்துக்குப் புதிதுமல்ல. உ.வே.சாமிநாதையரின் தந்தை உடையார்பாளையம் ஜமீனின் ஆதரவு பெற்ற இசைக்கலைஞர். மகனுக்கு நல்ல தமிழாசிரியர் எங்கே கிடைப்பார் என்று அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என்று இதே மண்ணில் குடும்பத்தோடு நகர்ந்துகொண்டே இருந்தார். 1871இல் மகனை மாயூரத்துக்கு அழைத்துப்போய் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஒப்படைத்தார். அங்கே மகனின் படிப்பைப் பார்த்து வீடு நகர்ந்தது. நம் காலத்தில் விசாவைப் பார்த்து வீடு நகர்கிறது, படிப்பு பின்னால் ஓடிவருகிறது.

என் கருத்தைக் கேட்டால்: பிள்ளை அரசுப் பள்ளியில், அதுவும் தமிழ்வழியில், ஒன்பதைத் தாண்டியிருந்தால் பன்னிரண்டு முடியும் வரை ஊரிலேயே இருக்கட்டும். கோடை விடுமுறையில் விசிட் விசாவில் போய் இருந்துவிட்டு வரட்டும். தாய் கூட இருப்பதுதான் இதில் முக்கியம். தாயும் போய்விட்டு, பிள்ளையை மட்டும் உறவினர் வீட்டில் விடுவது நான் பார்த்தவரை நன்றாக முடிந்ததில்லை. ஆங்கிலவழியில், குறிப்பாக சி.பி.எஸ்.இ. பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால் பத்து முடிந்த ஏப்ரலில் அழைத்துக்கொள்ளலாம். அத்தா இன்னும் இரண்டு வருடம் தனியாகச் சமைத்துச் சாப்பிட வேண்டியிருக்கும் என்பது எனக்கும் தெரியும்.

இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். அழைத்துப் போன பிள்ளை பன்னிரண்டு முடித்ததும் பெரும்பாலும் திரும்பி வரத்தான் போகிறது. அங்கே பல்கலைக்கழகக் கட்டணம் நம்மவர்களில் பலருக்குக் கட்டாது. இரண்டே வருடத்தில் இரண்டாவது இடமாற்றம், இந்த முறை தனியாக, திருச்சியிலோ சென்னையிலோ ஹாஸ்டலுக்கு. அதற்கும் ஊரில் பொறுப்பேற்கும் ஒரு பெரியவர் வேண்டும். சேர்க்கைப் படிவத்தில் உள்ளூர்ப் பாதுகாவலர் என்ற கட்டத்தில் யார் பெயரை எழுதுவது என்பதை அவரிடமே கேட்டு, இப்போதே பேசி வைத்துவிட்டுப் புறப்படுங்கள்.