பதினேழு நோயாளர் கற்பித்த பாடம்

1934இல் இலங்கையில் மழை பொய்த்தது. களனி கங்கை, மகா ஓயா, தெதுறு ஓயா ஆகியவை வற்றிக் குட்டைகளாயின. தேங்கிய நீரில் நுளம்புகள் பெருகின. 1934-35 மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் காவுகொண்டது.

1946 முதல் வீடுதோறும் டி.டி.ரி. தெளிக்கப்பட்டது. 1963இல் நோயாளர் தொகை 17 மட்டுமே. வெற்றி கிட்டிவிட்டதென எண்ணி மருந்து தெளிப்பதை நிறுத்தினர், கண்காணிப்பும் தளர்ந்தது. 1968-69இல் ஐந்து இலட்சத்துக்கும் அதிகமானோர் நோயுற்றனர்.

போர்க்காலத்திலும் மலேரியாத் தடுப்புப் பணி கைவிடப்படவில்லை. உள்நாட்டில் தொற்றுக்குள்ளான கடைசி நோயாளர் 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

ஆனால் நுளம்பு அழியவில்லை. வெளிநாடுகளிலிருந்து நோயைக் காவி வருவோரும் உள்ளனர். நோய் அற்றுப்போன பின்னரும் காவலைத் தளர்த்தாதிருப்பதே கடினம். 1963 எமக்குக் கற்பித்தது அதுவே.