ஓலை இல்லாத தாளக்காரர்

விழுப்புரம் சீமையில், பெண்ணையாற்றுக்குத் தெற்கே இருக்கும் திருவெண்ணெய்நல்லூருக்கு இரண்டு பழங்கதைகள் உண்டு. இரண்டும் கடன் சம்பந்தப்பட்டவை.

முதற்கதை சேக்கிழார் சொன்னது. புத்தூரில் மணப்பந்தலில் உட்கார்ந்திருந்த நம்பியாரூரரை ஒரு கிழவர் வந்து தடுத்தார். இளைஞர் தமக்கு வழிவழி அடிமை என்றும், பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை தம்மிடம் இருக்கிறது என்றும் சாதித்தார். இளைஞருக்குக் கோபம் வந்துவிட்டது. கிழவரைப் பித்தன் என்று ஏசி, ஓலையைப் பிடுங்கிக் கிழித்தும் போட்டார். கிழவர் லேசுப்பட்டவரா? கிழிந்தது படியோலைதான், மூல ஓலை பத்திரமாக இருக்கிறது என்று சொல்லி, வெண்ணெய்நல்லூர்ச் சபைக்கே வழக்கை இழுத்துக்கொண்டு போனார். சபையார் பாட்டனுடைய வேறு கையெழுத்தை வரவழைத்து ஒப்பிட்டுப் பார்த்து, ஓலை செல்லும் என்று தீர்த்தார்கள். வந்தவர் சிவபெருமானே என்று தெரிந்த பிறகு, ஏசிய சொல்லையே முதற்சொல்லாக வைத்துச் சுந்தரர் பாடிய பதிகம்தான் ஏழாம் திருமுறையின் முதற்பதிகம். பண் இந்தளம். அந்த வசவு இன்றும் ஓதுவார்களால் கோயிலில் பாடப்படுகிறது!

மற்றொன்று கம்பர் கதை. தம்மை ஆதரித்த சடையப்ப வள்ளலின் பெயரை நூறு பாட்டுக்கு ஒரு தரம் காவியத்தில் வைக்க அவர் எண்ணினாராம். சபையோர் ஆட்சேபித்து, ஆயிரத்துக்கு ஒரு தரம் போதும் என்றார்களாம். சரி, வள்ளல் ஆயிரத்தில் ஒருவர்தாமே என்று கம்பர் ஒப்புக்கொண்டாராம். கதை உண்மையோ கட்டோ, இராமாயணத்துக்குள் சடையன் பெயர் இருப்பது உண்மை.

ஆக, அடிமைக்கு ஓர் ஓலை. உதவியவருக்குப் பாட்டுக்குள்ளேயே ஓர் இடம். இந்த ஊர்க் கணக்கை வைத்துக்கொண்டு, அமெரிக்காவில் நடந்த ஒரு பாட்டு விவகாரத்தைப் பார்க்கலாம்.

அங்கே கறுப்பு இன மக்கள் 1960-களில் உருவாக்கிய ஒருவகை ஆட்டப் பாட்டுக்கு 'ஃபங்க்' என்று பெயர். மெட்டு அதில் இரண்டாம் பட்சம். நம்முடைய தாளத்தில் சமம் என்கிறோமே, அந்த முதலடியில் எல்லா வாத்தியங்களும் ஓங்கி விழும். பிறகு ஆளுக்கொரு பக்கம் ஓடி மறுபடி அங்கேயே வந்து சேரும். பம்பையடி கேட்டு வளர்ந்த தென்னாற்காட்டுக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்த இசையின் மூலபுருஷர் ஜேம்ஸ் பிரவுன். பெரிய பாடகர், அதைவிடப் பெரிய எஜமானர். ஒரு சுரம் பிசகினால் அபராதம், பூட்ஸ் பளபளக்காவிட்டாலும் அபராதம்.

அவருடைய கோஷ்டியில் 1965-ல் சேர்ந்தவர் கிளைட் ஸ்டபில்ஃபீல்ட். டென்னஸியில் சட்டநூகா என்ற ஊரில் 1943-ல் பிறந்தவர். வாத்தியார் வைத்துக் கற்றவரல்ல. ஊரின் தொழிற்சாலைச் சத்தமும் ரயில் சத்தமும்தான் குரு. 1967-ல் பிரவுன் பாடிப் பெருவெற்றி கண்ட 'கோல்ட் ஸ்வெட்' பாட்டுக்குத் தாளம் இவருடையது. 1969 நவம்பர் 20-ந் தேதி, சின்சினாட்டி நகரத்தில் இன்னொரு பாட்டு பதிவாயிற்று. நடுவே பிரவுன் மற்ற வாத்தியங்களை நிறுத்தச் சொல்லி, தாளக்காரரை மட்டும் வாசிக்கவிட்டார். வித்தை காட்ட வேண்டாம், இருப்பதையே வாசி என்று உத்தரவு. சுமார் இருபது விநாடி. வலக்கை இடைவிடாமல் ஜாலராத் தகட்டில் ஓட, இடக்கை பெரிய அடிகளுக்கு நடுவே காதில் விழுந்தும் விழாமலும் மெல்லடிகளைத் தூவுகிறது. அந்த மெல்லடிகளில்தான் உயிர் இருக்கிறது. பாட்டுக்குப் பிரவுன் அங்கேயே பெயர் சூட்டினார்: 'ஃபங்கி டிரம்மர்'. தலைப்பில் தாளக்காரரின் தொழில் இருக்கிறது, பெயர் இல்லை. ஆக்கியோன் என்ற இடத்தில் ஜேம்ஸ் பிரவுன் மட்டுமே.

1970-ல் தட்டு வெளிவந்தபோது பிரமாத வெற்றியொன்றும் இல்லை. அமெரிக்கப் பொதுப் பட்டியலில் 51-ஆம் இடம். அதன் யோகம் பின்னால் வந்தது. 1980-களில், ஒலியைத் துண்டாக வெட்டித் திரும்பத் திரும்ப ஓட்டுகிற மின்பொறிகள் கடைக்கு வந்தன. 1986-ல் பாட்டு மறுபடி ஒரு தொகுப்பில் வெளியாயிற்று. ராப் பாடும் இளைஞர்கள் அந்த இருபது விநாடிமேல் பாய்ந்தார்கள். 'பப்ளிக் எனிமி'யின் 'ஃபைட் த பவர்', எல்.எல். கூல் ஜேயின் 'மாமா செட் நாக் யூ அவுட்' எல்லாம் இதிலிருந்து எடுத்தவையே. அயர்லாந்துப் பாடகி சினேட் ஓ'கானர் ஒரு பழைய ஒப்பாரியைக்கூட இதே தாளத்தின்மேல் பாடினார். ஆயிரத்துக்கு மேற்பட்ட பாட்டுகளில் அந்தக் கைகள் வாசித்துக்கொண்டிருக்கின்றன.

இந்த வெட்டுவேலை கோர்ட்டுக்கும் போயிற்று. 1991-ல், வேறொரு பாட்டைப் பற்றிய வழக்கில், நியூயார்க் நீதிபதி திருடாதே என்ற விவிலியக் கட்டளையோடு தீர்ப்பைத் தொடங்கினார். அதன்பின் துண்டு ஒலிக்கும் விலை கொடுக்க வேண்டியதாயிற்று. விலை யாருக்கு? இசைத்தட்டின் சொந்தக்காரருக்கும், ஆக்கியோன் என்று பதிவானவருக்கும். சொல்லுக்கும் மெட்டுக்கும்தான் பாத்தியதை. தாளம் கூலிவேலை என்பதே அந்தத் தொழிலின் வழக்கம். ஸ்டபில்ஃபீல்டின் கையில் படியோலையும் இல்லை, மூல ஓலையும் இல்லை. மனிதரை விற்கப் பத்திரம் எழுதிய தேசத்தில், அந்த மனிதரின் பேரப்பிள்ளைகளுடைய உழைப்புக்கு ஒரு துண்டுக் காகிதம் எழுத யாருக்கும் தோன்றவில்லை என்பதை நான் தற்செயலாக எண்ணமாட்டேன்.

கோஷ்டியை விட்ட பிறகு அவர் விஸ்கான்ஸினில் மாடிசன் நகரத்தில் தங்கி, உள்ளூர் மண்டபங்களில் வாசித்துக்கொண்டிருந்தார். அந்தப் பாட்டே தமக்குப் பிடிக்காது என்றார், வேடிக்கையான மனிதர். தமக்கு அதனால் தூக்கம் கெடவில்லை, ஆனால் எடுத்ததற்குக் கொடுக்காதிருப்பது மரியாதைக் குறைவு என்பதையும் சொன்னார். புற்றுநோய் வந்தபோது வைத்தியச் செலவை ஒருவர் சத்தமில்லாமல் கட்டினார். அவர் பாடகர் பிரின்ஸ் என்பது, பிரின்ஸ் இறந்த பின்தான் வெளியாயிற்று.

ஸ்டபில்ஃபீல்ட் 2017 பிப்ரவரி 18-ல், 73-வது வயதில் காலமானார். மே மாதம் விஸ்கான்ஸின் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. பாட்டின் ஆக்கியோன் பெயர் 1970-ல் அச்சானபடியே இருக்கிறது.