கந்தளாயில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?



விடுமுறைக்கு வந்திருந்த உறவினர் ஒருவர் போன கிழமை எங்களிடம் கேட்டார். "திருகோணமலைக்குப் போனால் கடல் இருக்கு, கோட்டை இருக்கு, கன்னியா வெந்நீர்க் கிணறு இருக்கு. உங்கட ஊரில பார்க்க என்ன இருக்கு?" குளம் இருக்கிறது என்றோம். "குளம் எல்லா ஊரிலயும்தான் இருக்கு" என்று சிரித்துவிட்டுப் போனார். அந்த நேரத்தில் எங்களுக்குச் சரியான பதில் வரவில்லை. இப்போது எழுதுகிறோம். கொஞ்சம் நீளமான பதிவு, ஆறுதலாக வாசியுங்கள்.

ஹபரணையிலிருந்து திருகோணமலைக்குப் போகும் வாகனங்களில் பெரும்பாலானவை கந்தளாயில் நிற்பது தேநீருக்கும் தயிர்ச் சட்டிக்கும்தான். நேரம் இருப்பவர்கள் குளக்கட்டுக்கு ஏறி, நாலு படம் எடுத்து, பொரித்த மீன் தின்றுவிட்டுப் போவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அந்தக் கட்டைப் பற்றிச் சொல்ல நாமே அங்கு நிற்பதில்லையே.

முதலில் பெயர்களைப் பாருங்கள். நமக்குப் பக்கத்தில் அக்போபுர இருக்கிறது. ரயிலில் போகும்போது தினமும் வாசிக்கும் பெயர்தான். இந்தக் குளத்தை அமைத்தவன் ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் அக்போ என்று சூளவம்சம் சொல்கிறது. அந்த அக்போதான் ஊர்ப் பெயரில் இருக்கிறான். தமிழ் மக்களின் மரபோ குளக்கோட்டனைச் சொல்கிறது. கோணேசர் கோயிலுக்கு வயல் நிலம் விட்டவனும், அந்த வயலுக்குத் தண்ணீர் தரக் குளம் கட்டியவனும் அவனே என்பது கோணேசர் கல்வெட்டு என்ற நூலின் கதை. யார் சொல்வது சரி என்று வகுப்பில் பிள்ளைகள் சண்டை பிடிப்பார்கள். இரண்டு கதையிலும் குளம் வெட்டியவன்தான் பெரியவன், அதைக் கவனியுங்கள் என்று சொல்லி மணியடிக்கும் வரை சமாளிப்போம்.

நமது பேராறு கிராமத்தின் பெயரும் அப்படித்தான். குளத்துக்குள் வந்து விழும் ஆற்றின் பெயர் அது. ஆனால் அந்த ஆறு மட்டும் இவ்வளவு பெரிய குளத்தை நிரப்பாது. மாத்தளைப் பக்கத்து மலைகளிலிருந்து வரும் அம்பன் கங்கையை எலஹரவில் மறித்து, கால்வாய் வழியாக மின்னேரியாவுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து கந்தளாய் வரைக்கும் இழுத்திருக்கிறார்கள். வரைபடமும் மட்டக்கருவியும் இல்லாத காலத்தில் காட்டுக்குள்ளே அந்தச் சரிவை எப்படிப் பிடித்தார்கள் என்று இன்றைக்கும் பொறியியலாளர்கள் வியப்பார்கள். இப்போது கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் வயலுக்கு மட்டுமல்ல, திருகோணமலை நகரத்தின் குழாய்களுக்கும் போகிறது. கடற்கரைக்குப் போகும் சுற்றுலாக்காரர் அங்கே குளிக்கிற தண்ணீரும் நம்முடையதுதான். உறவினரிடம் இதையாவது சொல்லியிருக்கலாம்.

அடுத்தது கற்கள். சோழர் இங்கே ஆண்ட பதினோராம் நூற்றாண்டில் கந்தளாய் ஒரு பிராமணக் குடியிருப்பு. இராஜராஜ சதுர்வேதிமங்கலம் என்று சோழ மன்னன் பெயரால் அழைக்கப்பட்டது. ஊர்க் காரியங்களைப் பார்க்க ஒரு சபையும் இருந்தது. பிறகு முதலாம் விஜயபாகு சோழரை விரட்டினான். ஊர் அழிந்ததா? இல்லை. விஜயராஜ சதுர்வேதிமங்கலம் என்று பெயர் மட்டும் மாறியது. பாலமோட்டையில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டில் அந்தப் பெயர் இருக்கிறது. நங்கைசானி என்ற பிராமண விதவைப் பெண், இறந்துபோன தன் கணவனின் நினைவாகக் கோயிலுக்குக் கொடுத்த தானத்தைச் சொல்லும் கல் அது. தானம் காப்பாற்றப்படும் பொறுப்பு வேளைக்காரப் படையிடம் விடப்பட்டது. சிங்கள மன்னனின் ஆட்சியில், தமிழ் எழுத்தில், ஒரு விதவையின் தானம்! சண்டைகளை மட்டும் வரலாறு என்று படிப்பிக்கிற எங்களுக்கு அந்தக் கல் ஒரு பாடம்.

இரண்டாம் கஜபாகு தன் கடைசிக் காலத்தைக் கழித்து உயிர் விட்டதும் இந்த ஊரில்தான். பொலன்னறுவையில் அரசிருந்தவன், பராக்கிரமபாகுவோடு நீண்ட சண்டைக்குப் பிறகு இங்கே வந்து சேர்ந்தான். அவனுக்குப் பின்னால் வந்த நிஸ்ஸங்கமல்லன் இங்கே உட்கார்ந்து தானம் கொடுப்பதைப் பார்த்ததாக எழுதிய கல்லாசனமும் கந்தளாயில் கண்டெடுக்கப்பட்டது. (நிஸ்ஸங்கமல்லன் தான் உட்கார்ந்த இடத்திலெல்லாம் கல்வெட்டு எழுதி வைத்தவன். இன்றைக்கு இருந்திருந்தால் நம்மை விடப் பெரிய பதிவு போட்டிருப்பான்.)

பிறகு பல நூற்றாண்டுகள் காடு. 1786இல் திருகோணமலையின் ஒல்லாந்த அதிகாரி வான் செண்டன் இந்தப் பக்கங்களைச் சுற்றிப் பார்த்து நாட்குறிப்பு எழுதினான். ஆங்கிலேயர் 1870களில் கட்டைத் திருத்தினார்கள். ரயில் வந்தது 1927இல். சுதந்திரத்துக்குப் பிறகு குடியேற்றத் திட்டம், அதன்பின் சீனித் தொழிற்சாலை. கரும்புத் தோட்டத்தில் வேலை செய்த வாப்பாமார் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். தொழிற்சாலைதான் 90களில் நின்றுபோனது.

இதெல்லாம் புத்தகத்தில் கிடைக்கும். புத்தகத்தில் கிடைக்காத ஒன்றுக்காகத்தான் இந்தப் பதிவே.

போன வருடம் ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளைக் குளக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். கட்டின் நீளம் சுமார் 14,000 அடி, உயரம் 50 அடி என்று சொல்லிக்கொண்டு நடந்தோம். துருசைக் காட்டினோம், வான் பாயும் இடத்தைக் காட்டினோம். ஒரு மகள் கேட்டாள்: "சேர், எங்கட மூத்தம்மா சொல்லுவா, குளம் உடைஞ்சதாம். எந்த இடத்தில?"

எங்களில் மூன்று ஆசிரியர்கள் நின்றோம். மூன்று பேரும் மூன்று இடத்தைக் கைகாட்டினோம்.

1986 ஏப்ரல் 20. சித்திரைப் புத்தாண்டு முடிந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. ஞாயிறு விடியற்காலை, ஏறக்குறைய மூன்று மணி. சுபஹுக்கு இன்னும் நேரம் இருந்தது. கட்டு உடைந்தது. ஆயிரத்து முன்னூறு வருடத்துக்கு மேலான குளம், நித்திரையில் கிடந்த வீடுகள் மீது இறங்கியது. 120 பேருக்கு மேல் மௌத்தானார்கள். 1,600க்கும் அதிகமான வீடுகள் போயின. சுமார் 2,000 ஏக்கர் வயல் நாசமானது. கட்டின் மேலால் பாரமான வாகனங்கள் ஓடியது ஒரு காரணம் என்று பிறகு சொல்லப்பட்டது. அடுத்த வருடம் திருத்தி முடித்தார்கள். இன்று நாம் படம் எடுக்கும் கட்டு அந்தத் திருத்திய கட்டு.

அந்த மகளின் மூத்தம்மாவைப் பார்க்கப் போனோம். நாட்டில் சண்டை நடந்த காலம். சத்தம் கேட்டதும் குண்டு என்றுதான் முதலில் நினைத்தாராம். "குண்டெண்டா ஒரு சத்தத்தோட முடியும். இது முடியல்ல" என்றார். கூரை மரத்தில் பிள்ளையைக் கட்டி வைத்த பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண்ணைப் பற்றிச் சொன்னார். விடிந்த பிறகு யாருடைய மையித்து யாருடையது என்று அடையாளம் பார்த்ததைச் சொல்லத் தொடங்கி, நிறுத்திவிட்டார். உடுப்பு இல்லாமல் நின்றவர்களுக்குச் சாரமும் சேலையும் கொண்டுவந்தவர்கள் எந்த ஊர்க்காரர், எந்த இனம் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை என்றார். தண்ணீர் வற்றிய பிறகு குளத்தின் நடுவில் நடந்து போனார்களாம். குளம் அவ்வளவு வெறுமையாக இருந்ததைப் பார்த்ததுதான் தனக்குப் பெரிய பயம் என்றார்.

அன்று நாற்பது வயதில் இருந்தவர் இன்று எண்பதை நெருங்குகிறார். நங்கைசானி தன் கணவனுக்காக ஒரு கல் நட்டாள். ஒன்பது நூற்றாண்டுக்குப் பிறகும் அவள் பெயர் நமக்குத் தெரிகிறது. 1986இல் நம் கண்முன் போனவர்களின் பெயர்களை ஒரே இடத்தில் எழுதி வைத்த ஒரு கொப்பியை நாங்கள் இதுவரை யாரிடமும் காணவில்லை.

சரி, வருகிறவர்கள் என்ன செய்யலாம்? அஸருக்குப் பிறகு வெயில் தணிந்ததும் கட்டில் நடவுங்கள். வாகனத்தைக் கீழே விட்டுவிட்டு நடவுங்கள், காரணம் மேலே சொல்லிவிட்டோம். மீன் வாங்குங்கள், திலாப்பியா 1952இல் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன், அது நம் ஊர் மீன் ஆகிவிட்டது. தண்ணீர் இறங்கிய மாதங்களில் குளத்தின் ஓரத்தில் புல் முளைக்கும். யானை இறங்கும் பக்கங்களுக்கு மாலையில் போக வேண்டாம். பொலித்தீனையும் போத்தலையும் கட்டில் எறியாதீர்கள். வகுப்புப் பிள்ளைகளோடு போய் இரண்டு சாக்கு நிறையப் பொறுக்கியிருக்கிறோம்.

ஊர்க்காரருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் ஒரு கொப்பி தொடங்கியிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அந்த இரவைக் கண்டவர்கள் இருந்தால், முஸ்லிம், சிங்களவர், தமிழர் யாராக இருந்தாலும், எங்களுக்குச் சொல்லுங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறோம். மௌத்தானவர்களின் பெயர், வயது, இருந்த இடம், இவ்வளவு போதும். பழைய படம் இருந்தால் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவோம். உடைந்த இடம் எது என்று உறுதியாகத் தெரிந்த மூத்தவர்கள் யாராவது அடுத்த சனிக்கிழமை அஸருக்குப் பிறகு எங்களோடு கட்டுக்கு வந்தால் பெரிய உதவி. அந்த மகள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.